முன்னறிவித்தலும் நடுவுநிலைமையும்: கார்ப் பந்தயத்தில் காண்போர் உரிமை

முன்னுரை

பெங்களூருவில் அல்சூர் ஏரியை அடுத்துள்ள ஜோகுபாளையம், தமிழ் பேசும் மக்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் பகுதிகளுள் ஒன்று. அதன் அருகே செல்லும் பழைய சென்னைச் சாலையின் திசையில் ஏறத்தாழ முந்நூறு கிலோமீட்டர் சென்றால், ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 1990இல் திறக்கப்பட்ட பந்தயத் தடத்தைக் காணலாம். அதற்கு முன்னர்ச் சோழவரத்தின் பழைய விமான ஓடுதளமே தென்னாட்டுக் கார்ப் பந்தயத்தின் களமாக இருந்தது. எனினும் பார்முலா ஒன் எனப்படும் உலகப் பந்தயத்தைப் பொறுத்தவரை, ஜோகுபாளையத்தில் வாழும் ஆர்வலருக்குத் தொலைக்காட்சித் திரையே களமாகும். டயரின் நிலையை அவர் தொட்டறிய இயலாது. நடுவர்தம் உரையாடலில் பங்கேற்கவும் இயலாது. அறிவிக்கப்பட்ட விதியின்படியே பந்தயம் நடைபெறும் என்னும் நம்பிக்கை ஒன்றே அவருடைய பிடிமானம்.

இத்தகைய காண்போரிடம் இருவகைக் குறைபாடுகள் ஒலிப்பதைக் கேட்கலாம். இக்காலப் பந்தயத்தில் விறுவிறுப்பு இல்லை என்பது ஒன்று. நேர்மை இல்லை என்பது மற்றொன்று. இவ்விரண்டும் பெரும்பாலும் ஒன்றாகவே பேசப்படுகின்றன. அவை வேறுவேறானவை என்பதையும், அவற்றைப் பிரித்தறியும் அளவுகோல் தமிழ் அறமரபிலேயே உண்டு என்பதையும் நிறுவ இக்கட்டுரை முற்படுகிறது.

விறுவிறுப்பின் இயல்பு

தொல்காப்பியர் வகுத்த எண்வகை மெய்ப்பாடுகளுள் உவகைக்குரிய நிலைக்களன்களில் விளையாட்டும் இடம்பெறுகிறது. பெருமிதம் பிறக்கும் இடங்களுள் கல்வியும் தறுகண்மையும் அடங்கும். கார்ப் பந்தயம் காண்போர் எய்தும் இன்பத்தை இவ்விரு மெய்ப்பாடுகளின் கலவை எனலாம். வேகம் உவகை தரும். ஆனால் வேகம் மட்டுமே பெருமிதம் தருவதில்லை. வளைவில் எவ்விடத்தில் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்னும் பயின்ற அறிவும், எதிராளியின் பக்கத்தில் நெருங்கிச் செல்லும் அஞ்சாமையும் ஒருங்கே வெளிப்படும்போதுதான் காண்பவர் நெஞ்சில் பெருமிதம் பிறக்கிறது. முடிவு இன்னதென முன்கூட்டியே தெரியாதிருத்தலும், அம்முடிவு உரியவரால் ஈட்டப்படுதலும் இதற்கு இன்றியமையாதன. எனவே நேர்மை என்பது விறுவிறுப்புக்குப் புறம்பான ஒன்றன்று, அதன் அடித்தளமாகும்.

துலாக்கோலின் முறை

திருக்குறளின் நடுவுநிலைமை அதிகாரம் துலாக்கோலை உவமையாக்குகிறது. கோல் முதலில் தான் சமனாக நிற்கிறது. அதன் பின்னரே தன்மேல் வைக்கப்பட்ட பொருளின் எடையைக் காட்டுகிறது. இம்முறைவைப்பு ஊன்றி நோக்கத்தக்கது. பொருள் வைத்த பின்னர்க் கோலைத் திருத்துபவன், நல்லெண்ணத்தால் திருத்தினும், நடுவுநிலை பிறழ்ந்தவனே ஆவான். சங்கப் புறப்பாடல்களிலும் இக்கருத்தின் வேறொரு வடிவம் காணப்படுகிறது. பாண்டியன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியை நெட்டிமையார் பாடிய புறநானூற்றுப் பாடல், அம்பு தொடுக்கும் முன்னரே ஊறுபடத் தகாதாரை அரண் சேருமாறு அறிவிக்கும் அறநெறியைப் போற்றுகிறது. போரின் கொடுமையை அவ்வறிவிப்பு நீக்கிவிடுவதில்லை. ஆயினும் அறத்தின் எல்லைக்குள் போரை நிறுத்துவது அம்முன்னறிவிப்பே. ஆக, விதி முற்பட நிற்றல், உரியவர்க்கு முற்பட அறிவித்தல் என்னும் இரண்டும் போட்டியறத்தின் கூறுகளாகின்றன. இவ்விரு கூறுகளையும் கொண்டு அண்மைக்காலப் பந்தய நிகழ்வுகளை அளந்து பார்க்கலாம்.

இண்டியானாபொலிஸ், 2005

கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் 2005இல் ஜோர்டன் அணியின் வாயிலாகப் பார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார். அவ்வாண்டு ஜூன் 19 அன்று அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் தடத்தில் அவர் நான்காம் இடம் பெற்று ஐந்து புள்ளிகளை ஈட்டினார். தமிழ் ஆர்வலர் கொண்டாட வேண்டிய நாள் அது. எனினும் அக்கொண்டாட்டத்தை உறுத்தும் செய்தி ஒன்று உண்டு. அன்று பந்தயத்தில் ஓடிய கார்கள் ஆறு மட்டுமே.

மிஷலின் நிறுவனம் வழங்கிய டயர்கள் அத்தடத்தின் சாய்ந்த பதின்மூன்றாம் வளைவில் தாங்கமாட்டா என்பது, வெள்ளியன்று ரால்ப் ஷூமாக்கரின் கார் மோதிய பின்னர்த் தெரியவந்தது. அவ்வாண்டின் விதிப்படி தகுதிச் சுற்றுக்கும் பந்தயம் முழுமைக்கும் ஒரே தொகுதி டயர்களையே பயன்படுத்த வேண்டியிருந்தது சிக்கலை மிகுவித்தது. வேகத்தைக் குறைக்கும் தடுப்பு வளைவு ஒன்றை அமைக்குமாறு கோரிக்கை எழுந்தது. அணிகளுள் பெரும்பாலானவை அதற்கு இசைந்தன. சர்வதேச ஆட்டோமொபைல் கூட்டமைப்பு மறுத்தது. மிஷலின் டயர் பூண்ட ஏழு அணிகளின் பதினான்கு கார்களும் அணிவகுப்புச் சுற்றை மட்டும் முடித்துக்கொண்டு உள்ளே திரும்பிவிட்டன. பிரிட்ஜ்ஸ்டோன் டயர் பூண்ட பெராரி, ஜோர்டன், மினார்டி ஆகிய மூன்று அணிகளே ஓடின. மைக்கேல் ஷூமாக்கர் வென்றார். காண்போர் கூச்சலிட்டனர், தடத்தின் மீது புட்டிகளும் வீசப்பட்டன.

இந்நிகழ்வில் அநீதி யாது? தடத்தை மாற்ற மறுத்தது அநீதி என்பார் உளர். ஆனால் தகுதிச் சுற்று முடிந்த பின்னர்த் தடத்தை மாற்றுதல், பொருள் வைத்த பின் கோலைத் திருத்துதலுக்கு ஒப்பாகும். தடத்துக்கேற்ற டயருடன் வந்தவர்க்கு அது தீங்காகும். பெரும்பாலோர் இசைந்தனர் என்பதும் போதிய விடையன்று. நடுவுநிலைமை பெரும்பான்மையின் உடன்பாட்டால் அமைவதாயின், பாதுகாப்புப் பெறுவதற்குச் சிறுபான்மையினர்க்கு வேறு இடமில்லை. அவ்வாறே, தாங்காத டயருடன் ஓட்டுநரை அனுப்ப மறுத்த அணிகளையும் குறைகூற இயலாது. உயிர் பந்தயத்தினும் பெரிது.

அவ்வாறாயின் கூச்சலிட்ட காண்போரின் சினம் பொருளற்றதா? அன்று. அவர்க்கு இழைக்கப்பட்ட தீங்கு வேறொன்று. இருபது கார்களின் பந்தயம் என்னும் வாக்குறுதியை நம்பி அவர்கள் வந்திருந்தனர். பதினான்கு கார்கள் விலகும் என்பது அணிவகுப்புச் சுற்று முடிந்த பின்னரே அவர்தம் கண்ணுக்குப் புலனாயிற்று. விதி போட்டியாளர்க்கு முற்பட நின்றது. ஆனால் உண்மை காண்போர்க்கு முற்பட அறிவிக்கப்படவில்லை. மிஷலின் நிறுவனம் பின்னர் நுழைவுக் கட்டணத்தை ஈடுசெய்ய முன்வந்ததோடு, மறு ஆண்டுப் பந்தயத்துக்கு இருபதாயிரம் சீட்டுகளை வாங்கி வழங்கவும் இசைந்தது. காண்போர்பால் ஒரு கடன் இருந்தது என்பதற்கு இதனினும் தெளிவான ஒப்புதல் வேண்டுவதில்லை.

நரேன் பெற்ற ஐந்து புள்ளிகள் நேர்மையானவையே. அவர் அறிவிக்கப்பட்ட விதியின்படி, அறிவிக்கப்பட்ட தடத்தில், எழுபத்து மூன்று சுற்றுப் பந்தயத்தை இறுதிவரை ஓட்டி ஈட்டியவை அவை. ஆனால் அவற்றைக் கண்ட தமிழ் ஆர்வலர் நெஞ்சில் பெருமிதம் முழுமையாக எழவில்லை எனின், அதுவும் இயல்பே. எதிர்நிற்போர் இல்லாத களத்தில் தறுகண்மை வெளிப்பட இடமில்லை. நேர்மை நிறைந்தும் சுவை குன்றிய வெற்றி ஒன்று இருத்தல் கூடும் என்பதற்கு இது சான்றாகிறது.

அபுதாபி, 2021

இதன் மறுதலையாக அமைந்தது 2021 டிசம்பர் 12 அன்று அபுதாபியில் நடைபெற்ற இறுதிப் பந்தயம். லூயிஸ் ஹாமில்டனும் மாக்ஸ் வெர்ஸ்டாப்பனும் 369.5 என்னும் சமமான புள்ளிகளுடன் களம் புகுந்தனர். ஐம்பத்தெட்டுச் சுற்றுகளில் ஐம்பத்து மூன்றாம் சுற்றின்போது ஒரு கார் மோதியதால் பாதுகாப்புக் கார் தடத்தில் இறங்கியது. பின்தங்கிய கார்கள் பல இருக்க, முன்னணியில் இருந்த இருவர்க்கும் இடைப்பட்ட ஐந்து கார்களை மட்டும் பந்தய இயக்குநர் முந்திச் செல்லவிட்டார். விதி சுட்டிய அடுத்த சுற்றுக்குக் காத்திராமல் பாதுகாப்புக் காரையும் திருப்பியழைத்தார். எஞ்சிய ஒரே சுற்றில், புதிய டயர் பூண்ட வெர்ஸ்டாப்பன் முந்திச் சென்று உலக வாகையரானார். 2022 மார்ச்சில் வெளிவந்த கூட்டமைப்பின் அறிக்கை, பந்தய இயக்குநரின் செயலை மனிதப் பிழை எனக் குறிப்பிட்டது; முடிவு மாற்றப்படவில்லை.

உலகெங்கும் திரைமுன் இருந்தோர் மூச்சடக்கிக் கண்ட சுற்று அது. விறுவிறுப்பு அதன் உச்சத்தில் நின்றது. எனினும் அவ்விறுவிறுப்புக்கு ஒருவர் விலை கொடுத்தார். பந்தயம் பாதுகாப்புக் காரின் பின்னே முடிந்திருப்பின் காண்போர் ஏமாற்றமடைந்திருப்பர். ஆனால் எவரும் அநீதிக்கு உள்ளாகியிருக்கமாட்டார். வெர்ஸ்டாப்பனின் திறனையும் இதனால் குறைத்து மதிப்பிட வேண்டுவதில்லை. திரிந்தது கோல், நிறுக்கப்பட்ட பொருளன்று.

பின்சிறகு விதி

மூன்றாவதாக, ஆர்வலரிடையே நெடுங்காலம் விவாதிக்கப்பட்ட பின்சிறகு விதியையும் ஆராய வேண்டும். 2011 முதல் 2025 வரை வழக்கிலிருந்த இவ்விதியின்படி, முன்செல்லும் காருக்கு ஒரு நொடி இடைவெளிக்குள் வருபவர், குறித்த நேர்தடத்தில் தம் காரின் பின்சிறகைத் திறந்து காற்றுத்தடையைக் குறைத்து வேகம் பெறலாம். முன்செல்பவர்க்கு அவ்வாய்ப்பு இல்லை. தற்காத்துக்கொள்ள இயலாதவரை முந்துவது நேர்மையன்று என்பது ஒரு சாரார் கருத்து. முன்செல்லும் கார் கலைக்கும் காற்று பின்வருபவரின் பிடிமானத்தைக் குறைப்பதால், அக்குறையை ஈடுசெய்வதே இவ்விதி என்பது மற்றொரு சாரார் கருத்து.

மேற்கண்ட அளவுகோலின்படி இவ்விதியில் நேர்மைக் குறை இல்லை. அது முற்பட அறிவிக்கப்பட்டது. இன்று முன்செல்பவர் நாளை பின்வருபவராகையில் அவருக்கும் உரியது. எனினும் சுவைக் குறை உண்டு. பொறியின் விசையால் எளிதில் முந்தும்போது, உவகை எஞ்சினும் பெருமிதம் எஞ்சுவதில்லை. காண்போர் இதனை அநீதி என்று பெயரிட்டது பொருந்தாது. எனினும் ஒன்றை இழந்ததாக அவர்கள் உணர்ந்தது மெய்யே. அணிகளின் செலவுக்கு 2021இல் கொண்டுவரப்பட்ட வரம்பும் ஆண்டுத் தொடக்கத்தில் கோலைச் சமன்செய்யும் முயற்சியாதலின் அறத்தோடு பொருந்துவதே. இண்டியானாபொலிஸில் ஓடிய ஆறு கார்களுக்குள்ளும் ஜோர்டன் கார்கள் பெராரிக்கு ஒரு சுற்றுப் பின்தங்கியே முடித்தன என்பது, அத்தகைய சமன்செய்தலின் தேவையை உணர்த்தும்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படுவன: விறுவிறுப்பு வேண்டி விதியை மாற்றுதல் குற்றமன்று, பந்தயம் தொடங்கிய பின் மாற்றுதலே குற்றம். விதியைக் காத்தல் போட்டியாளர்க்குச் செலுத்தும் கடன். உண்மையை முற்பட உரைத்தல் காண்போர்க்குச் செலுத்தும் கடன். அபுதாபியில் முதற்கடனும் இண்டியானாபொலிஸில் இரண்டாம் கடனும் தவறின. பின்சிறகு விதியில் இரண்டும் தவறவில்லை, சுவையே குன்றியது.

ஜோகுபாளையத்துக்கு அண்மையில், அல்சூர் ஏரியருகே, பதினெட்டு ஆண்டுகள் மூடப்பட்டிருந்து 2009இல் திறக்கப்பட்ட வள்ளுவர் சிலை நிற்கிறது. கோல் முதலில் சமனாக நிற்க வேண்டும் என்னும் அவர்தம் கருத்து, நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கை அளக்கும் இக்காலப் பந்தயத்துக்கும் பொருந்துகிறது. காலத்தை அத்துணை நுட்பமாக அளக்கும் கருவிகளைப் படைத்தவர்கள், அளப்பதற்கு முன் கோலை நிறுத்தும் பொறுப்பையும் ஏற்றல் வேண்டும். திரைமுன் அமர்ந்திருக்கும் ஆர்வலர் எதிர்பார்ப்பதும் அவ்வளவே.