காணாமையும் இல்லாமையும்

ஒரு பொருள் இல்லை என்று அறிவது எப்படி என்பதை மீமாம்சை என்ற இந்தியத் தத்துவப் பள்ளியைச் சேர்ந்த மீமாம்சகர்கள் விரிவாக ஆராய்ந்தனர். அவர்களில் குமாரில பட்டரின் மரபு காணாமையைத் தனி அளவையாகவே, அதாவது அறிவு பெறும் தனி வழியாகவே கொண்டது. நியாயம் என்ற தர்க்கப் பள்ளியைச் சேர்ந்த நையாயிகர்கள் அதைக் காட்சிக்குத் துணையாக மட்டும் ஏற்றனர். ஆனாலும் இரு தரப்பும் ஒரு நிபந்தனையில் உறுதியாக நின்றன: பொருள் இருந்திருந்தால் அது கண்ணில் பட்டிருக்க வேண்டும். வெளிச்சமுள்ள தரையில் குடத்தைக் காணவில்லை என்றால் குடம் இல்லை. இருட்டில் அப்படிச் சொல்ல முடியாது.

வணிகத் தளங்களின் வருகையைப் பல ஆண்டுகள் அளந்துவந்த கூகுளின் யுனிவர்சல் அனலிட்டிக்ஸ் இந்த நிபந்தனையைத் தவறவிட்டது. கூடுதல் அமைப்பு செய்யப்படாத தளத்தில், ஒருவர் ஒரே பக்கத்தைத் திறந்துவிட்டு வெளியேறினால் அது 'பவுன்ஸ்' என்று பதிவானது. அவர் செலவிட்ட நேரம் பூஜ்ஜியம் எனக் கணக்கானது. கட்டுரையைப் பத்து நிமிடம் ஊன்றிப் படித்தவருக்கும், கடையின் தொலைபேசி எண்ணைக் குறித்துக்கொண்டு போனவருக்கும் அதே பூஜ்ஜியம்தான். பக்கம் திறந்தபின் இரண்டாவது சமிக்ஞை எதுவும் வராததால், நடந்ததைக் காணும் வழியே கருவிக்கு இல்லை. அந்தக் காணாமையை வணிகர்கள் ஆர்வமின்மை என்று படித்தார்கள். நல்ல பக்கங்கள் பல அதனால் கைவிடப்பட்டிருக்கும்.

2020 அக்டோபரில் அறிமுகமான கூகுள் அனலிட்டிக்ஸ் 4, பழைய கருவி 2023 ஜூலையில் தரவு சேகரிப்பதை நிறுத்தத் தொடங்கியபோது அதன் இடத்தைப் பிடித்தது. இதில் வருகை பத்து வினாடிக்கு மேல் நீடித்தாலோ, இரண்டு பக்கங்கள் பார்க்கப்பட்டாலோ, முக்கிய நிகழ்வு ஒன்று நடந்தாலோ அது ஈடுபாடுள்ள வருகை. பக்கம் திரையில் முன்னால் இருந்த நேரமும் அளக்கப்படுகிறது. காணும் திறன் கூடியிருப்பதால், 'இல்லை' என்ற முடிவுக்கும் வலு கூடியிருக்கிறது. பழைய தரவைப் புதியதற்குள் கொண்டுவர வழி தரப்படவில்லை. ஆகவே இரண்டின் எண்களை அடுத்தடுத்து வைத்து வணிகம் வளர்ந்தது, தேய்ந்தது என்று சொல்வது பிழை.

புதிய கருவியின் கடினமான இடம் வேறு. தளம் உலாவியில் வைக்கும் குக்கிக்கு ஒப்புதல் மறுத்தவர்களின் நடத்தையை, ஒப்புதல் தந்தவர்களின் நடத்தையிலிருந்து அது கருதி அறிகிறது. போதிய தரவு சேரும் தளங்களில் மட்டுமே இது இயங்கும். இது காட்சி அல்ல, அனுமானம். அனுமானம் நிற்க வியாப்தி, அதாவது அடையாளத்துக்கும் அறியப்படுவதற்கும் இடையே மாறாத தொடர்பு, வேண்டும். மறைந்திருக்கும் உபாதி, அதாவது அந்தத் தொடர்பைக் கட்டுப்படுத்தும் கூடுதல் நிபந்தனை, ஒன்று அதைக் கெடுத்துவிடும் என்று நியாயப் பள்ளி எச்சரிக்கிறது. ஒப்புதல் மறுப்பதே இரு சாராரையும் பிரிக்கும் உபாதியாக இருக்கலாம்: தன்னைப் பின்தொடர வேண்டாம் என்று எண்ணுபவர், எண்ணாதவரைப் போலவே வாங்குவார் என்பதற்கு என்ன உறுதி? தனி ஆளைப் பற்றி எதுவும் சொல்லாமல் மொத்தத் தொகையை மட்டும் தருவதால் மறுப்பு மதிக்கப்படுகிறது என்ற வாதத்தில் பொருள் உண்டு. ஆனால் கருதியதைக் கண்டதுபோல் காட்டும்போது அந்த வாதம் பலவீனப்படுகிறது. கண்டதை மட்டும் காட்டும் தெரிவு அறிக்கை அமைப்பில் இருக்கிறது. அந்தத் தெரிவிலும், அனுமானம் சேர்ந்த தெரிவிலும் அறிக்கை எடுத்து ஒப்பிட்டால், எவ்வளவு தொகை அனுமானத்தால் வந்தது என்பது தெரியும்.