ஏவிய கையும் ஏவப்பட்ட கையும்

களவு என்பது பிறர் பொருளைத் தாமே எடுத்தல் மட்டுமன்று; எடுப்பித்தலும், எடுத்தாரை உடன்படுதலும் களவே என வகுத்தனர் நம் முன்னோர். செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்னும் இம்மூன்றும் நம் இல்லங்களில் சிறுவரும் கேட்டு வளர்ந்தவை. எளிதாகத் தோன்றும் இக்கருத்து, நாடு விட்டு நாடு சென்று கடை விரிக்கும் இன்றைய பெருவணிகத்தில் ஆழ்ந்த வினாவாக எழுந்து நிற்கிறது. ஒரு நாட்டில் தலைமையகம். மற்றொரு நாட்டில் கிளை. கிளைக்கு ஒரு தரகர். தரகருக்கு அப்பால் ஓர் அரசு அலுவலர். இந்நால்வரிடையே கைமாறும் கையூட்டின் பழி யாரைச் சாரும்? பணத்தைத் தொட்டவரை மட்டுமா? தொடாமலே பயன் துய்த்தவரையுமா? இதனை நடந்த நிகழ்ச்சிகளைக் கொண்டே ஆராய்வோம்.

மெக்சிகோவில் நிகழ்ந்தது

உலகின் மிகப் பெரிய சில்லறை வணிக நிறுவனம் அமெரிக்காவின் வால்மார்ட். அதன் அயல்நாட்டு வளர்ச்சியில் மெக்சிகோவுக்குத் தனி இடம் உண்டு. 2012ஆம் ஆண்டளவில் அந்நிறுவனத்தின் கடைகளுள் ஐந்தில் ஒன்று மெக்சிகோவிலேயே இருந்தது. இவ்வளவு விரைவாகக் கடைகள் எழுந்தது எவ்வாறு என்னும் வினாவுக்கு, 2012 ஏப்ரலில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் வெளியிட்ட நீண்ட ஆய்வு ஒரு விடையை முன்வைத்தது. கட்டட அனுமதிகள் விரைவாகக் கிடைக்கும்பொருட்டுக் கையூட்டு வழங்கப்பட்டது என்பதே அவ்விடை. அந்த ஆய்வுக்கு 2013இல் புலிட்சர் பரிசு கிடைத்தது.

அந்நாட்டில் அரசு அலுவலகங்களுக்குச் சென்று, நமக்காக வரிசையில் நின்று, தாள்களை நகர்த்திக் கொடுத்துக் கூலி பெறும் தரகர் பலர் உளர். அத்தொழில் அங்குச் சட்டத்துக்கு உட்பட்டதே. அந்த நேர்மையான கூலியின் போர்வைக்குள் கையூட்டும் சென்றது என்பதே குற்றச்சாட்டு. நிறுவனத்தில் முன்பு பணிபுரிந்த ஒருவர் 2005இல் தலைமையகத்துக்கே இதை எழுதித் தெரிவித்தார். உள் விசாரணையாளர்கள் மெக்சிகோ சென்றனர். ஐயத்துக்குரிய கொடுப்புகள் 2 கோடியே 40 லட்சம் டாலருக்கு மேல் இருந்தமைக்குச் சான்றுகள் கண்டனர். இதன்பின் தலைமையகம் செய்தது என்ன? விசாரணையை விரிவுபடுத்தவில்லை. எந்தக் கிளையின்மேல் புகார் எழுந்ததோ, அந்தக் கிளையின் தலைமை வழக்கறிஞரிடமே விசாரணை ஒப்படைக்கப்பட்டது. அவர்மீதும் குற்றச்சாட்டு இருந்தது. விசாரணை விரைவில் முடித்து வைக்கப்பட்டது என்கிறது அந்நாளிதழ்.

அதே ஆண்டு டிசம்பரில் வெளிவந்த இரண்டாம் ஆய்வு தியோதிவாக்கான் என்னும் ஊரைப் பற்றியது. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுப் பழைமை வாய்ந்த பிரமிடுகள் அவ்வூரில் உள்ளன. 1987இல் யுனெஸ்கோ அதனை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. பிரமிடுகளிலிருந்து ஒரு மைல் அளவிலேயே ஒரு வயல் இருந்தது. அங்கு வணிகக் கட்டடம் எழுப்புதல் கூடாது என ஊரின் நிலப் பயன்பாட்டு வரைபடம் தடுத்திருக்கும். அவ்வரைபடம் அரசிதழில் வெளியாகும் முன்பே 52,000 டாலர் கையூட்டால் திருத்தப்பட்டது என்று அந்நாளிதழ் எழுதியது. சிறு வணிகர்கள் எதிர்த்தனர், உண்ணாவிரதமும் இருந்தனர். எனினும் 2004 இறுதியில் கடை திறக்கப்பட்டது.

இந்நிகழ்ச்சியில் களவு போன பொருள் எது என்று ஒருவர் கேட்கலாம். நிலத்துக்கு விலை தந்தனர். கடைக்குச் சரக்கு வந்தது. ஊராருக்கு மலிவாகப் பண்டங்கள் கிடைத்தன. சிலருக்கு வேலையும் கிடைத்தது. இழந்தவர் யார்? ஊரே இழந்தது. தன் நிலத்தில் எது எழலாம், எது எழலாகாது என்று தீர்மானிக்கும் உரிமை ஊரார் அனைவர்க்கும் பொதுவான உடைமை. அதனை ஓர் அலுவலர் தம் சொந்தப் பொருள்போல் விற்றார். ஒரு வணிகர் அதனை வாங்கினார். உடையவருக்குத் தெரியாமல் அவர் பொருள் விலைபோயிற்று. இதற்குக் களவு என்பதன்றி வேறு பெயர் இல்லை.

மந்திரக்காரியும் இதர செலவும்

அமெரிக்க அரசின் விசாரணை ஏழாண்டு நீடித்து 2019 ஜூனில் முடிவுற்றது. மெக்சிகோ, பிரேசில், இந்தியா, சீனம் ஆகிய நான்கு நாடுகளில் ஊழலைத் தடுக்கப் போதிய உள்கட்டுப்பாடுகள் இன்றி இடைத்தரகர்களைப் பயன்படுத்தியமைக்காக வால்மார்ட் 28 கோடி டாலருக்கு மேல் செலுத்த இசைந்தது. பிரேசில் கிளை, கணக்கேடுகள் தொடர்பான குற்றத்தை ஒப்புக்கொண்டது.

அரசு ஆவணங்களில் கண்ட இரு செய்திகள் நம் சிந்தனைக்கு உரியவை. பிரேசிலில் அனுமதிகளை மிக விரைவாகப் பெற்றுத் தந்த ஒரு பெண் தரகரை நிறுவனத்தினர் ‘மந்திரக்காரி’ என்றும் ‘பூதம்’ என்றும் அழைத்தனராம். இச்சொல்லை உற்று நோக்குக. மந்திரம் என்று பெயரிட்டுவிட்டால் அது எவ்வாறு நடந்தது என்று கேட்க வேண்டியதில்லை. கேளாமலிருப்பதற்கென்றே சூட்டப்பட்ட பெயர் அது. இந்தியாவிலோ, 2009 முதல் 2011 வரை கடை உரிமங்களுக்காகத் தரகர் வழியே அலுவலர்க்குச் சென்ற பணம், கூட்டு நிறுவனத்தின் கணக்கேட்டில் ‘இதர செலவு’, ‘தொழில்முறைக் கட்டணம்’, ‘அரசுக் கட்டணம்’ என்றெல்லாம் பதியப்பட்டிருந்தது. கணக்கு எழுதுவோர் அறிவர்: பெயர் சொல்லக் கூசும் செலவே ‘இதர’ என்னும் தலைப்பின் கீழ் ஒதுங்கும்.

மூன்று சமாதானங்கள்

இத்தகைய செயலுக்கு வழக்கமாக மூன்று சமாதானங்கள் கூறப்படுவதுண்டு.

அந்நாட்டு வழக்கம் அதுவே என்பது முதலாவது. தன் அலுவலர் கையூட்டுப் பெறலாம் எனச் சட்டம் இயற்றிய நாடு எதுவுமில்லை. உண்மையில் அது ஊரறிந்த நல்வழக்கமாயின், வேறு பெயரில் கணக்கெழுதுவானேன்?

போட்டியாளர் கொடுக்கும்போது நாம் கொடாவிடில் பிழைக்க இயலாது என்பது இரண்டாவது. இதில் சிறிது உண்மை உண்டு. 1970களில் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையத்திடம் நானூற்றுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் இத்தகைய கொடுப்புகளை ஒப்புக்கொண்டன. தொகை 30 கோடி டாலருக்கும் மேல். லாக்ஹீட் விமான நிறுவனத்தின் கையூட்டு விவகாரத்தில் ஜப்பானின் முன்னாள் பிரதமர் தனகா 1976இல் கைது செய்யப்பட்டார். இவற்றின் விளைவாக, அயல்நாட்டு அலுவலர்க்குக் கையூட்டுத் தருவதைக் குற்றமாக்கும் சட்டத்தை 1977இல் அமெரிக்கா இயற்றியது. ஆயினும் ஜெர்மனி போன்ற நாடுகளில், அயல்நாட்டில் தந்த கையூட்டை வருமான வரிக் கணக்கில் செலவாகக் கழித்துக்கொள்ளும் வாய்ப்பு 1990களின் இறுதிவரை இருந்தது. 1997இல் வளர்ந்த நாடுகள் ஓர் உடன்படிக்கை செய்துகொண்ட பின்னரே அந்நிலை மாறியது. ஆகவே, கொடாதவர் நட்டமடையலாம் என்பது மெய்யே. ஆனால் நட்டம் வரும் என்பது ஒரு செயலின் விலையைக் காட்டுமேயன்றி, அச்செயல் அறமாகும் என்று காட்டாது. நட்டமே வாராதெனின் விரதம் எதற்கு?

எமக்கு ஒன்றும் தெரியாது, எல்லாம் தரகர் செய்தது என்பது மூன்றாவது. இதுவே மூன்றிலும் வலியது. ஆராயத் தக்கதும் இதுவே.

எல்லைக்குள் நின்று கனைத்தல்

நம் அறநூலார் இச்சமாதானத்தை முன்னரே எண்ணிப் பார்த்துள்ளனர். இல்லறத்தார் விரதங்களுள் தேசவிரதம் ஒன்று. குறித்த காலம்வரை இன்ன எல்லையைத் தாண்டேன் என மேற்கொள்ளும் வரம்பு அது. அதற்கு நேரும் ஐந்து அதிசாரங்களைத் தத்துவார்த்த சூத்திரம் எண்ணிக் கூறுகிறது. எல்லைக்கு அப்பாலிருந்து பொருளை வருவித்தல். அப்பால் ஆளை ஏவுதல். கனைப்பு முதலிய ஒலியால் அப்பால் உள்ளவர்க்குக் குறிப்பளித்தல். தன் உருவைக் காட்டிக் குறிப்பளித்தல். கல் முதலியவற்றை எறிந்து குறிப்பளித்தல். இவை ஐந்திலும் விரதி எல்லைக் கோட்டைத் தாண்டவே இல்லை. அவர் கால் கோட்டுக்கு உள்ளேயே இருக்கிறது. ஆயினும் விரதம் பழுதுபட்டது.

ஒரு கனைப்புக்கூடக் குற்றமாக எண்ணப்பட்டது ஏன்? கால் நின்ற இடத்தில் நின்றாலும், ஆசை எல்லையைத் தாண்டிவிட்டது. தாண்டிய ஆசைக்கு வேறொருவர் உடல் கருவியாயிற்று. கடல் கடந்த தலைமையகத்திலிருந்து, ‘இத்தனை மாதத்தில் இத்தனை கடை திறக்கப்பட வேண்டும், எவ்வாறு என்பது உங்கள் பொறுப்பு’ என்று செல்லும் ஆணையும் ஒரு கனைப்பே. கையூட்டு என்னும் சொல் அதில் இல்லை. கேட்பவர்க்கு அது விளங்குகிறது.

நாம் ஆசிரியப் பயிற்சி பெற்ற நாளில், வகுப்பில் ஒரு குற்றம் நிகழ்ந்தால் செய்தவனை மட்டும் விசாரித்து நிறுத்தலாகாது, அனுப்பியவன் யார் என்றும் கேட்க வேண்டும் என்று கற்பித்தனர். மாங்காய் பறிக்கச் சுவரேறியவன் பிடிபடுவான். கீழே நின்று மடியேந்தியவன் நல்ல பிள்ளையாய் முதல் வரிசையில் அமர்ந்திருப்பான். அவன் அறியாதவன் அல்லன். அறியாதவன்போல் இருக்க ஏற்பாடு செய்துகொண்டவன். அறியாமை வேறு, அறியாமலிருக்கச் செய்துகொள்ளும் ஏற்பாடு வேறு. முன்னது மன்னிக்கத் தக்கது. பின்னது குற்றத்தின் ஒரு பகுதி.

மறுத்தவர் பட்ட பாடு

நல்லெண்ணம் ஒன்றே போதுமா எனின், போதாது என்பதற்கு ருஷ்யாவில் ஐக்கியா நிறுவனம் கண்ட அனுபவம் சான்று. சுவீடனில் தோன்றிய அந்த அறைகலன் நிறுவனம் 2000ஆம் ஆண்டில் மாஸ்கோவை அடுத்த கிம்கியில் தன் முதற்கடையைத் திறந்தது. மின் இணைப்புக்காகக் கையூட்டுத் தர மறுத்து, டீசல் மின்னாக்கிகளை வாடகைக்கு எடுத்து இயக்கியது. போற்றத் தக்க உறுதி! ஆனால் அந்த மின்னாக்கிகளின் வாடகையிலேயே தன் ஊழியர் ஒருவர் மறைமுகப் பங்கு பெற்றதைப் பின்னர்க் கண்டது. 2010இல், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் வணிக வளாகத்தின் மின் இணைப்புக்காக ஒப்பந்தக்காரர் தந்த கையூட்டைக் கண்டும் காணாதிருந்த இரு உயர் மேலாளர்களைப் பணிநீக்கம் செய்தது. முன்வாயிலில் தடுக்கப்பட்ட தீமை பின்வாயில் வழியே புகுந்தது. எனவே உறுதி ஒருமுறை பூண்டு மறப்பதன்று. நாள்தோறும் காக்கப்பட வேண்டியது. விரதத்தைச் சொன்ன நூல்கள் அதிசாரங்களையும் உடன் சொன்னமைக்குக் காரணம் இதுவே.

சட்டம் காவல் செய்யாதோ எனின், ஓரளவு செய்யும். வால்மார்ட் செலுத்திய தொகை பெரிதாகத் தோன்றலாம். 2019 ஜனவரியுடன் முடிந்த ஆண்டில் அதன் விற்பனை 51,000 கோடி டாலருக்கு மேல். கணக்கிட்டுப் பார்த்தால், அபராதம் அதன் ஐந்து மணி நேர விற்பனைக்கும் குறைவு. விசாரணைக்கும் சீர்திருத்தத்துக்கும் 90 கோடி டாலருக்கு மேல் செலவிட்டதாக அந்நிறுவனம் கூறியது; அதுவே மிகுதி. மேலும், 1977ஆம் ஆண்டுச் சட்டத்தின் செயலாக்கத்தை 2025 பிப்ரவரியில் அமெரிக்க அதிபர் ஓர் ஆணையால் நிறுத்தி வைத்தார். ஜூனில் புதிய நெறிமுறைகளுடன் அது மீண்டும் தொடங்கியது. அரசின் சட்டம் இவ்வாறு உறங்கவும் விழிக்கவும் கூடும். உள்ளத்தின் வரம்புக்கு அத்தகைய விடுமுறை இல்லை.

நம் இல்லங்களுக்கு

பன்னாட்டு வணிகம் பற்றிய இச்செய்தி நமக்கு எட்டாத் தொலைவில் உள்ளது என்று எண்ணற்க. நம் பிள்ளைகளுள் சிலர் இத்தகைய நிறுவனங்களில் கணக்கராகவும் மேலாளராகவும் பணிபுரிகின்றனர். ‘இதர செலவு’ என்னும் தாள் ஒருநாள் அவர் மேசைக்கு வரும். அன்று ‘எதற்கு?’ என்று ஒரு சொல் கேட்பதே அவர்தம் விரதம்.

பட்டா மாற்றத்துக்கும் வீட்டு வரைபட அனுமதிக்கும் நாமும் தரகரை நாடுகிறோம். ‘எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன், மொத்தமாக இவ்வளவு’ என்று அவர் கூறும்போது நம் உள்ளத்தில் எழும் நிம்மதியைச் சற்று ஆராய்தல் வேண்டும். அரசுக் கட்டணம் எவ்வளவு, அவர் கூலி எவ்வளவு, எஞ்சியது யாருக்கு என்று பிரித்துக் கேட்டு, கட்டணத்துக்கு ரசீது பெறுவோமாக. எஞ்சியதற்குப் பெயரில்லையெனின் அதனைக் கொடாதிருப்போமாக. நம் நாட்டின் ஊழல் தடுப்புச் சட்டமும் 2018ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் கையூட்டுத் தருவோரை நேரடிக் குற்றவாளியாகவே கருதுகிறது; வற்புறுத்தலால் தந்தவர் ஏழு நாட்களுக்குள் முறையிட்டால் அவர்க்குப் பாதுகாப்பும் அளிக்கிறது.

இவ்வாறு கேட்டால் வேலை தாமதமாகலாம். சில மாதம் அலையவும் நேரலாம். அந்த அலைச்சலே நேர்மைக்கு நாம் தரும் விலை. அவ்விலையைத் தர மனமின்றி வேறொருவர் கையைக் கறைப்படுத்தினால், அக்கறை அவரோடு நில்லாது, ஏவிய நம்மையும் வந்து சேரும்.