சுமையற்ற நிலை

பரம்பொருளைப் பற்றிப் பேசப் புகுந்த சைவ சித்தாந்திகள் அதற்குச் சொரூபம், தடத்தம் என இருவகை இலக்கணம் வகுத்தனர். எதனோடும் சம்பந்தமின்றித் தன்னில் தானாய் நிற்பது முன்னது, உயிர்களின் பொருட்டுத் தொழில் செய்து நிற்பது பின்னது. இவ்விரண்டனுள் எதைக் கொண்டு அப்பொருளை நாம் அறிவது என்னும் விசாரம், ஒரு பழைய ஒலிவாங்கியின் மின்வழங்கியை மேஜைமேல் திறந்து வைத்துக்கொண்டு நண்பரொருவர் பட்ட பாட்டைப் பார்த்திருந்த நாளில்தான் எனக்குச் சற்றே விளங்கத் தொடங்கிற்று என்றால், சாஸ்திரம் கற்றவர்கள் சிரிக்கக்கூடும்; சிரிக்கட்டும்.

பெர்லின் நகரத்து நோய்மன் நிறுவனம் 1949-இல் வெளியிட்ட யு 47 என்னும் ஒலிவாங்கி அது. அதன் உயிர்நிலை, டெலிஃபுங்கன் செய்த விஎஃப் 14 என்னும் வால்வு. உற்பத்தி நின்று பல பத்தாண்டுகள் ஆகிவிட்டமையால் இன்று அது பொன்னினும் அரியது. இக்கருவிக்கு வேண்டியதெல்லாம் ஏறத்தாழ 105 வோல்ட் நேர்மின்சாரம் ஒன்றே. அவ்வொன்றே ஒரு தடையின் வழியே இறங்கி, 55 வோல்ட்டுக்கென அமைந்த வால்வின் இழையை 36 வோல்ட் அளவில் மெல்லக் கனல வைக்கிறது. அதுவே வால்வின் தகட்டுக்கு ஊட்டமாகிறது. அதுவே குரலை ஏற்று அதிரும் மெல்லிய சவ்வுக்கு மின்னேற்றமும் ஆகிறது. ஒரு சக்தி மூன்று தொழில் செய்யும் இந்தச் சிக்கனத்தைக் கண்டு வியந்தேன். ஆனால், ஒன்று தளர்ந்தால் மூன்றும் தளரும் என்பதை நண்பர்தாம் நினைவூட்டினார்.

குற்றம் இதுதான்: குரல் மெலிந்து, உச்சத்தில் சிதைந்து, அடியில் ஓர் இரைச்சலும் ஓடிற்று. முன்பு பார்த்த ஒருவர் ஒலிவாங்கியைக் கழற்றிவிட்டு, வழங்கியின் முனைகளில் மல்டிமீட்டரை வைத்தாராம். சரியாக 105 காட்டியது. வழங்கி நிரபராதி, வால்வுதான் செத்துக்கொண்டிருக்கிறது என்று தீர்ப்பு எழுதிவிட்டார். பிரத்தியட்சத்துக்கு மேல் பிரமாணம் உண்டோ?

நண்பர் அந்த எண்ணைக் கேட்டவுடனே சந்தேகப்பட்டார். இவ்வகை வழங்கியில் மின்சாரம் தடைகளின் வழியே வருவதனால், இழுப்பார் இல்லாதபோது அழுத்தம் 105-ஐ வெகுவாகத் தாண்டி ஏறி நிற்க வேண்டும். சும்மா இருக்கும்போதே 105-தான் உண்டு என்றால், வேலை வந்தால் அது எங்கே போய் நிற்கும்? ஒலிவாங்கி இழுக்கும் 40 மில்லி ஆம்பியருக்கு ஈடாக, 2,700 ஓம், 10 வாட் தடையொன்றை முனைகளில் கட்டினார்; முள் 80-க்குச் சரிந்தது. குற்றமற்றதென்று காட்டிய அதே எண் குற்றத்துக்குச் சாட்சியாயிற்று. வழங்கியில் மின்சாரத்தை நேராக்கும் செலினியம் தட்டுகள் முதுமையால் தளர்ந்திருந்தன. வடிகட்டும் கண்டென்சர்களும் உலர்ந்துபோயிருந்தன. இரைச்சல் மின்கம்பியின் 50 அதிர்வாக இல்லாமல் 100 ஆக இருந்ததைச் செவியாலேயே கண்டு, புகையைக் கண்டு நெருப்பை உணரும் தார்க்கிகனைப் போல, அதை அவர் முன்னமே அநுமானித்திருந்தார். (சுவிட்சை அணைத்த பின்னும் அந்தக் கண்டென்சர்கள் ஆளை உதறும் அளவுக்கு மின்னேற்றத்தை வைத்துக்கொண்டிருக்கும். வாசனா பந்தம் என்பதற்கு இதைவிட நல்ல உவமை நான் கண்டதில்லை.)

ஆகவே காரணத்தைக் காரியத்தினின்று கழற்றி வைத்து அளப்பது அறிவன்று, தொழிற்படும் நிலையிலேயே அதை அறியலாம் என்று சித்தாந்தியின் பக்கம் சாய்ந்து, என் விசாரத்தை முடித்துவிடத் துணிந்தேன். உவமைக்கு ஓரிடத்தில் முறிவு உண்டென்பதும் மனத்தில் உறுத்தாமல் இல்லை. செலினியம் மூப்படைவது போல அருட்சத்தி மூப்படையும் என்று எந்தச் சித்தாந்தியும் ஒப்பமாட்டான், செம்பிற் களிம்பு போல் உயிரைப் பற்றிய ஆணவத்தின் மேல்தான் பழியைச் சுமத்துவான்.

ஆனால், அதற்கும் பெரிய தடை அடுத்தே காத்திருந்தது. தட்டுகளுக்குப் பதிலாகச் சிலிக்கன் டயோடுகளை வைத்து, அவற்றால் மிகும் அழுத்தத்தைத் தணிக்க ஒரு தடையும் சேர்த்து, கண்டென்சர்களையும் மாற்றி 105-ஐ மீட்ட பிறகு, சவ்வின் மின்னேற்றத்தையும் அளந்துவிடுங்களேன் என்றேன். அவர் மறுத்தார். அந்த மின்னேற்றம் பல பத்து மெகா ஓம் தடைக்கு அப்பால் இருப்பது. மீட்டரோ வெறும் 10 மெகா ஓம். அளக்கும் கருவி தொட்ட கணமே அது தாழ்ந்துவிடும். நாம் காண்பது சவ்வின் நிலையாக இராது, நாம் தொட்டதனால் நேர்ந்த நிலையாகவே இருக்கும். சற்றுமுன் சுமை வைக்காமையால் வந்த மயக்கம், இப்போது சுமை வைப்பதனாலேயே வரும் என்கிறார்! சொரூபத்தைத் தீண்ட முடியாதென்று ஆன்றோர் சொன்னது இதைத்தானோ, அல்லது நான் உவமையின் போதையில் இருக்கிறேனோ?

நண்பருக்கு இந்தக் கவலை இல்லை. தடைக்கு முன்புறத்தே மீட்டரை வைத்து ஓர் எண்ணைக் குறித்துக்கொண்டார். அப்பால் உள்ளதைக் கருதலளவைக்கு விட்டார். மின்சாரத்தை நிறுத்தி ஒலிவாங்கியை இணைத்து, மறுபடி ஏற்றி, இழை சூடேறும் வரையில் பேசாமல் காத்திருந்தார். பிறகு ஹெட்போனைச் செவியில் மாட்டிக்கொண்டு, ஒலிவாங்கியின் முன் குனிந்து, ஏதோ ஒரு சொல்லை மிகத் தாழ்ந்த குரலில் சொன்னார்.