மிதி, பிடி

காலை ஆறரை. முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, காரின் பின்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டில் உட்கார வைத்தேன். பாயை விரித்து அடியில் படுத்தேன். இருபது வருடமாகத் தூத்துக்குடியில் ஓடும் சின்னக் கார். உப்பளக் காற்று இரும்பை எங்கே ஒளித்து வைத்தாலும் தேடி வந்துவிடும். பின் சக்கரத்துக்குப் போகும் பிரேக் பைப்பில், கிளிப் பிடித்திருக்கும் இடத்தில் துரு பொருக்குத் தட்டியிருந்தது. விரலால் தேய்த்தேன். பொருக்கு உதிர்ந்த இடம் ஈரமாக இருந்தது. போன வாரம் பெடல் ஒரு விரல்கடை கூடுதலாக இறங்கியது இந்த ஈரத்தால்தான்.

*

பழையதைக் கழற்ற அவசரம் கூடாது. நட்டும் பைப்பும் துருவில் ஒட்டிக் கிடக்கும். சாதாரண ஸ்பானர் போட்டு இழுத்தால் நட்டின் முனைகள் மழுங்கிவிடும். நேற்றிரவே துரு இளக்கும் எண்ணெய் விட்டிருந்தேன். பிளேர் ஸ்பானரின் வாயில் பைப் நுழையும் அளவுக்கு மட்டும் வெட்டு இருக்கும். நட்டின் ஆறு முகங்களில் ஐந்தை அது பிடித்துக்கொள்ளும். கொஞ்சம் தளர்த்தினேன், கொஞ்சம் திரும்ப முடுக்கினேன், மறுபடி தளர்த்தினேன். வந்தது. வளைவு கெடாமல் பைப்பை வெளியே எடுத்தேன். புதுப் பைப்புக்கு இனி இதுதான் அளவு.

*

புதியது செம்பும் நிக்கலும் கலந்தது. சுமார் 90 பங்கு செம்பு, 10 பங்கு நிக்கல். வோல்வோ கார்களில் 1976-லேயே இந்தக் கலவையில் பிரேக் பைப் போடத் தொடங்கிவிட்டார்கள். கப்பல்களில் கடல்நீர் ஓடும் குழாய்களும் இதில்தான் செய்யப்படுகின்றன. துறைமுக ஊர்க்காரனுக்கு இதைவிடப் பொருத்தமான உலோகம் எது?

பழைய பைப்பின் வளைவுகளோடு நூலை ஒட்டிப் பிடித்து அளந்தேன். ஒரு சாண் கூட்டி வெட்டினேன். பைப்பின் வாயை விரித்துச் செய்யும் பிளேர் கெட்டால் முனையை வெட்டிவிட்டு மறுபடி செய்ய வேண்டும். ஒவ்வொரு தவறும் நீளத்தில் கொஞ்சம் தின்னும். வெட்டிய வாயை அரத்தால் சமமாக்கி, உள்விளிம்புப் பிசிறைச் சுரண்டி, தூளை ஊதி எடுத்தேன். பிறகு இரண்டு நட்டையும் அதனதன் முனையைப் பார்த்தபடி கோத்தேன். வாய் விரிந்த பின் நட்டு நுழையாது.

*

பைப்பின் குறுக்களவு 4.76 மில்லிமீட்டர். அதைப் பிளேர் கருவியின் பட்டையில் இறுக்கி, அச்சின் விளிம்பு எவ்வளவு கனமோ அவ்வளவு மட்டும் நீட்டிவைத்தேன். முதல் அழுத்தத்தில் வாய் குமிழாகப் புடைத்தது. அச்சை எடுத்துவிட்டுக் கூம்பால் அழுத்தியதும், குமிழின் மேல்விளிம்பு உள்ளே மடிந்து சுவர் இரட்டையானது. ஜப்பானிய வடிவமைப்பில் வந்த கார்களுக்கு இந்த இரட்டை மடிப்பு. ஐரோப்பியக் கார்கள் பலவற்றுக்குக் குமிழோடு நிறுத்த வேண்டும். ஒன்றின் இடத்தில் மற்றது சரியாக உட்காராது.

அம்மா பாவாடைக்கு ஓரம் அடிக்கும்போது துணியை இரண்டாக மடிப்பாள். ஒற்றை விளிம்பு பிரிந்துவிடும் என்பாள்.

என் முதல் பிளேர் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. முடுக்கினால் பிடித்துக்கொள்ளும் என்றது மனம். வெட்டிப் போட்டேன். நட்டு ஏறிய பிறகு இந்த விளிம்பை யாரும் பார்க்கப்போவதில்லை. பார்க்கக் கிடைத்த நேரம் இது ஒன்றுதான்.

*

புதுப் பைப்பை மாட்டியாயிற்று. இனி உள்ளே புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். சாயங்காலம் மகள் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். நான் பின் சக்கரத்தருகே, நிப்பிளில் மாட்டிய டியூபோடு. அவள் கால் எனக்குத் தெரியாது. என் கை அவளுக்குத் தெரியாது.

“மிதி.”

“மிதிச்சிட்டேம்பா.”

“பிடி.”

“பிடிச்சிருக்கேன்.”

நிப்பிளைத் திறந்தேன். நுரையோடு ஆயில் வந்தது. மூடினேன். “விடு.” நான் மூடுவதற்குள் அவள் காலை எடுத்துவிட்டால், போன காற்று திரும்ப உள்ளே ஏறிவிடும்.

அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் கொடுத்த அழுத்தம் குறையாமல் எல்லாப் பக்கமும் போய்ச் சேரும் என்று 17ஆம் நூற்றாண்டிலேயே பாஸ்கல் கண்டு சொன்னார். காற்று அப்படியில்லை, அமுங்கிக் கொடுக்கும். நடுவில் ஒரு குமிழி இருந்தாலும் காலின் பலத்தில் ஒரு பங்கை அது விழுங்கும். பெடல் பஞ்சாக இறங்கும்.

ஆயிலும் புது டப்பாவில் எடுத்ததுதான். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் நிற்க வேண்டும். ஈரம் ஏறியதற்கு விதித்த அளவு 140. புது ஆயிலையே டேங்க் வற்றாமல் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

மிதி, பிடி, விடு. வேறு பேச்சில்லை. டியூபில் குமிழி சிறுத்து, அரிதாகி, நின்றது.

*

கடைசியாக, முழுப் பலத்தோடு மிதித்துப் பிடிக்கச் சொன்னேன். இரண்டு மூட்டிலும் வெள்ளைத் தாள் சுற்றினேன்.

“இன்னும் பிடிக்கணுமாப்பா?”

“இன்னும் கொஞ்சம்மா.”

தாள் காய்ந்தே இருந்தது. நாளைக்குத் தெருவுக்குள்ளேயே நடை வேகத்தில் ஓட்டி ஓட்டி நிறுத்திப் பார்க்க வேண்டும். மறுபடி தாள் சுற்ற வேண்டும். அதற்குப் பிறகுதான் அவளை ஏற்றிக்கொள்வேன்.