கரும்புப் பணமும் கவிதையும்

விக்டோரியா மகாராணி காலத்து ஆங்கிலப் பெண் கவிஞர் எலிசபெத் பரட் பிறவுணிங் (1806–1861) என்றதும் நம்மிற் பலருக்கு நினைவில் எழுவன அவரது காதற் கவிதைகளே. பாடநூல்கள் இழைத்த அநீதிகளுள் இதுவும் ஒன்று. அவரது நகைத்திறன் யார்மீது பாய்ந்தது என்பதே ஆராயத்தக்கது.

1856இல் வெளிவந்த 'ஒரோறா லீ' என்னும் நீண்ட செய்யுட் கதையில், உயர்குடிப் பெண்களுக்குக் கல்வி என்ற பெயரிற் புகட்டப்பட்ட அரைகுறை அறிவை அவர் எள்ளி நகையாடுகின்றார். விரல் நோவ, கண் மங்க அப்பெண்கள் தைத்த பொருள்கள் எதற்குப் பயன்பட்டன? களைத்து வந்த ஆடவன் காலில் மாட்டிக்கொள்வதற்கும், சிலவேளை அவன் தடுக்கி விழுந்து சினப்பதற்கும்! அடிமை முறை பற்றி எழுதுவது பெண்ணுக்கு அழகன்று என்ற கருத்துக்கு, 1853இல் எழுதிய கடிதமொன்றில் அவர் விடையிறுத்தார்: அப்படியாயின் அவள் தானும் அடிமையாகி அந்தப்புரத்தில் அடைந்து கிடக்கட்டும், சிந்திப்போர் வரிசையில் இடம் கோர வேண்டியதில்லை.

ஆயின், இவ்வம்மையாரின் குடும்பச் செல்வமோ ஜமேக்காவின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளின் உழைப்பால் விளைந்தது. 1833ஆம் ஆண்டு அடிமை ஒழிப்புச் சட்டம் உடைமையாளருக்கு இரண்டு கோடி பவுண் நட்டஈடு வழங்கிற்று. உழைத்தவருக்கு ஒரு சதமும் இல்லை. தம் இனத்தார் நலிவுறுவர் என அஞ்சியபோதும், அடிமைகள் விடுதலை பெற்றதில் அவர் மகிழ்ந்தார். 1843இல் ஆலைகளிலும் சுரங்கங்களிலும் வதைபட்ட சிறுவரின் துயரைப் பாடினார். தந்தையின் தடையை மீறி 1846இல் மணம் புரிந்து இத்தாலி சென்ற பின்னர், அமெரிக்க அடிமை எதிர்ப்பாளரின் ஆண்டு மலருக்காக, தப்பியோடும் அடிமைப் பெண்ணொருத்தியின் கூற்றாகக் கவிதை எழுதினார். வெள்ளையரின் வன்கொடுமையாற் பிறந்த குழந்தையைத் தன் கையாலேயே கொல்லும் தாய் அவள்.

அந்த இத்தாலிய வாழ்வுக்குத் துணைநின்றவற்றுள், 1837இல் ஜமேக்காவில் இறந்த சிறிய தந்தையார் அவருக்கு விட்டுச்சென்ற பணமும் ஒன்று.

இதனை வெறும் வேடம் எனத் தள்ளிவிடலாமா? கூடாது என்பதே என் துணிபு. வேடதாரி தன் பணத்தின் ஊற்றை மறைப்பான். இவரோ 1855இல் ரஸ்கினுக்கு எழுதுகையில், தாம் அடிமை உடைமையாளர் குடும்பத்தவர் என்பதைத் தாமே கூறி, சாபத்தில் நம்பிக்கை இருந்தால் அஞ்சவேண்டி வரும் என்றார். அச்சொற்களிலும் அவரது கசப்பு நகை ஒளிர்கின்றது. எனினும் உண்மையை உரைத்தல் வேறு, கடனைத் தீர்த்தல் வேறு. கவிதை எத்துணை உயர்ந்ததாயினும் பற்றுச்சீட்டாகிவிடாது. மேலும், அவர் படைத்த அப்பெண் தப்பியோடி வந்து நிற்கும் இடம் அமெரிக்கக் கடற்கரை, ஜமேக்கா அன்று.