இம்சாதானமும் அபயதானமும்



அணுவிரதம் ஐந்து, குணவிரதம் மூன்று, சிக்ஷாவிரதம் நான்கு என இல்லறத்தார்க்குரிய பன்னிரு விரதங்களை நம் வீட்டுச் சிறுவரும் ஒப்புவிப்பர். அவற்றுள் குணவிரதங்களில் ஒன்று அநர்த்த தண்ட விரதம். பயன் ஏதும் இன்றிப் பாவத்தை மட்டும் ஈட்டித் தரும் செயல்களினின்று விலகி நிற்றலே அது. அச்செயல்கள் பாபோபதேசம், இம்சாதானம், அபத்தியானம், துச்சுருதி, பிரமாதசரியை என ஐவகைப்படும் என்று சமந்தபத்திர ஆசாரியர் இரத்தின கரண்டக சிராவகாசாரத்தில் வகுத்துரைத்தார். இவ்வைந்தனுள் இம்சாதானம் ஒன்றை இங்கே சிந்திப்போம்.

கோடரி, வாள், நெருப்பு, நஞ்சு, சங்கிலி முதலாகக் கொலைக்குத் துணையாகும் பொருள்களைப் பிறர்க்கு அளித்தல் இம்சாதானம் ஆகும். இங்கே ஓர் ஐயம் எழும். "கருவி தானாக எழுந்து கொல்லுமோ? அதை எடுப்பவன் கைதானே கொல்கிறது? செய்து கொடுத்தவனுக்கும் செப்பனிட்டவனுக்கும் வினை எப்படி ஒட்டும்?" நியாயமான கேள்விதான். இதற்கு விடை காண அயல்நாட்டு எடுத்துக்காட்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

அமெரிக்க நாட்டில் மான் வேட்டை என்பது பல குடும்பங்களில் தந்தையிடமிருந்து மகனுக்கு வரும் வழக்கம். அங்கே குறைந்த விலையில் வேட்டைத் துப்பாக்கி ஒன்றை வாங்கி, அதன் குழலை மாற்றி, 'மாக்னம்' எனப்படும் மிகுவலித் தோட்டாவை ஏற்கும்படி தம் வீட்டுக் கொட்டகையிலேயே திருத்திக்கொள்வோர் உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பின், படைகள் கழித்துவிட்ட துப்பாக்கிகள் மலிவாகக் கிடைத்தபோது இப்பழக்கம் பெருகியது. கலிபோர்னியாவில் ராய் வெதர்பி என்பவர் 1945ஆம் ஆண்டு தம் நிறுவனத்தைத் தொடங்கி, மிகுவேகத் தோட்டாக்களுக்குப் பெயர் தேடித் தந்தார். 1962இல் ரெமிங்டன் நிறுவனத்தின் 7 மில்லிமீட்டர் மாக்னமும், 1963இல் வின்செஸ்டர் நிறுவனத்தின் .300 மாக்னமும் வெளிவந்தன. 'மாக்னம்' என்னும் இலத்தீன் சொல்லுக்குப் 'பெரியது' என்பதே பொருள். ஆசை அந்தப் பெயரிலேயே அமர்ந்திருக்கிறது.

அந்த ஆசையை அளந்து பார்ப்போம். 1906 முதல் வழங்கிவரும் .30-06 என்னும் தோட்டாவே பெரிய மான்களையும் வீழ்த்தப் போதுமானது என்று வேட்டைக்காரர்களே ஒப்புகின்றனர். அதே எடையுள்ள குண்டை .300 மாக்னத்தில் இட்டால் அதன் ஆற்றல் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடும். அந்த ஒரு பங்குக்காகத் தோளில் விழும் பின்னுதைப்பு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு ஏறுகிறது. தோட்டாவின் அடிவிளிம்பு 0.473 அங்குலத்திலிருந்து 0.532 அங்குலமாக அகல்கிறது. அனுமதிக்கப்பட்ட உள்ளழுத்தம் சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டிலிருந்து 64,000 ஆக உயர்கிறது. பரப்பும் அழுத்தமும் ஒருசேரக் கூடுவதால், சுடுபவனின் முகத்துக்கு அருகே தோட்டாவை அடைத்து நிற்கும் பின்பூட்டின் மேல் விழும் தள்ளுவிசை மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் பெருகும். பழைய அளவுக்கென வார்க்கப்பட்ட இரும்பு அதைத் தாங்குமா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது என்பதற்கு அந்நாட்டு வரலாறே சான்று. அமெரிக்க அரசின் ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதச்சாலையில் 1903ஆம் ஆண்டு மாதிரித் துப்பாக்கிகளைச் செய்தபோது, பழுக்கக் காய்ச்சிய இரும்பின் நிறத்தைக் கொண்டே அதன் சூட்டைத் தொழிலாளர் மதிப்பிட்டனர். வெயில் ஏறிய பொழுதில் இரும்பின் நிறம் ஒருவிதமாகவும், மேகம் மூடிய பொழுதில் வேறுவிதமாகவும் தோன்றும் அல்லவா? அதனால் சில துப்பாக்கிகள் அளவுக்கு மீறிக் காய்ச்சப்பட்டு, கண்ணாடி போல் நொறுங்கும் தன்மை பெற்றன. 1917இல் சில வெடித்துச் சிதறிய பின்னரே உண்மை வெளிப்பட்டது. 1918இல் செய்முறை மாற்றப்பட்டது. ஏறத்தாழ 8,00,000 வரை எண் பொறித்த துப்பாக்கிகள் ஐயத்துக்குரியவை ஆயின. தேர்ந்த தொழிலாளரும் அரசின் உலைக்கூடமும் இருந்த இடத்திலேயே இந்நிலை என்றால், வீட்டுக் கொட்டகையின் நிலை என்ன?

உமாசுவாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தில் இம்சைக்கு இலக்கணம் கூறுமிடத்துப் 'பிரமாதம்' என்னும் சொல்லை முன்வைத்தார். விழிப்பற்ற மனம், மொழி, மெய்களால் உயிர்க்கு ஊறு நேர்தலே இம்சை. இங்கே விழிப்பின்மை இரு முனைகளிலும் நிற்பதைக் காண்க. குழலின் ஒரு முனையில் மான். மறுமுனையில் கருவி செய்தவனின் கண்ணும் கையும். அடுத்து நின்று பார்க்கும் அவன் மகனையும் மறக்கலாகாது. பிறவுயிரைக் கொல்ல நினைப்பவன் முதலில் தன்னையே கொன்றுகொள்கிறான் என்னும் ஆன்றோர் கொள்கை இங்கே இரும்பிலும் மெய்யாகிறது.

வேட்டைக்காரர் பக்கமும் ஒரு வாதம் உண்டு. அதையும் கேட்டல் முறை. "வலிமை மிகுந்த தோட்டா விலங்கை விரைந்து கொல்லும். குற்றுயிராய் ஓடித் துன்புறுவதைத் தடுக்கும். ஆகவே இது கருணையே" என்பர். அவ்வாறு சொல்வோர் நெஞ்சில் இரக்கத்தின் சிறு பொறி இருக்கவே செய்கிறது. அதை நாம் எள்ளுதல் ஆகாது. ஆயினும் விரைந்த மரணம் குண்டு படும் இடத்தைப் பொறுத்தது என்பதை அவர்களுள் அனுபவசாலிகளே கூறுவர். பின்னுதைப்புக்கு அஞ்சியவன் விசையை இழுக்கும் கணத்தில் கண்ணை மூடித் தோளைச் சுருக்குகிறான், குறி தவறுகிறது, குடலில் அடிபட்ட மான் புதருள் ஓடி மணிக்கணக்கில் துடிக்கிறது. கருணையின் பெயரால் கூட்டிய வலிமை, கருணைக்கே பகையாய் முடிகிறது.

"உழவர்க்கும் இம்சை உண்டே, ஏர் முனையில் எத்தனை புழுக்கள் மடிகின்றன!" என்று கேட்பாரும் உளர். ஆரம்பி, உத்தியோகி, விரோதி, சங்கற்பி என இம்சை நால்வகை. உழவில் நேர்வது வாழ்வுத் தொழிலில் ஒட்டிவரும் இம்சை. உழவன் புழுவைக் கொல்ல வேண்டும் என்று ஏரைக் கூர்மையாக்குவதில்லை. வேட்டையோ கொல்வதற்கென்றே எண்ணிச் செய்யும் சங்கற்பி இம்சை. இல்லறத்தான் முற்றும் துறக்க வேண்டியது அதுவே. ஏழு வியசனங்களுள் வேட்டையை வைத்ததும் இதனாலேயே. கருவியைத் திருத்துகின்ற அத்தனை நாளும், 'இன்னும் தொலைவில் நிற்கும் உயிரை வீழ்த்துவேன்' என்னும் எண்ணமே மனத்தில் ஓடுகிறது. அது அபத்தியானம். செய்யும் வழியைப் பிறர்க்குக் கற்பித்தல் பாபோபதேசம். ஒரு தோட்டாவும் வெடிக்கும் முன்னரே மூன்று வாயில்கள் வழியே வினை ஊற்றெடுத்து விடுகிறது. முதலில் எழுந்த ஐயத்துக்கு இதுவே விடை.

ஐயம் முற்றும் தெளிய யசோதர காவியத்தை நினைவுகூர்வோம். தாய் சந்திரமதியின் வற்புறுத்தலால் யசோதர மன்னன் பலியிட்டது உயிருள்ள கோழியை அன்று. மாவினால் செய்த கோழியை. அங்கே உயிர் போகவில்லை. எனினும் கொல்லும் எண்ணமும் அதற்கெனச் செய்த உருவும் கருவியும் இருந்தன. அவ்வினை மன்னனை மயிலாகவும் தாயை நாயாகவும் பிறப்பித்து, விலங்குப் பிறவிகள் பலவற்றில் உழற்றியது. ஈற்றில் அவ்விருவரும் கோழிகளாய்ப் பிறந்திருந்தபோது, யசோமதி மன்னன் ஒலி கேட்டு எய்யும் தன் வில் திறத்தைத் தேவிக்குக் காட்ட விரும்பி அம்பு விடுத்து அவற்றைக் கொன்றான். பசியும் இல்லை, பகையும் இல்லை. திறமையைக் காட்டும் விருப்பமே அங்கே இரண்டு உயிர்களை உண்டது. வலிமை கூட்டிய துப்பாக்கியைத் தோழர்க்குக் காட்டி மகிழ்பவனின் விருப்பமும் அதே இனத்தது.

நம்மவர் பிள்ளைகளுள் அந்நாட்டில் வாழ்வோர்க்கு இது ஏட்டுச் சுரைக்காய் அன்று. அடுத்த வீட்டு நண்பர் அன்போடு வந்து, "உங்கள் பட்டறைப் பிடிகருவியை இரண்டு நாள் தாருங்கள், துப்பாக்கிக் குழல் மாற்ற வேண்டும்" எனக் கேட்கலாம். அவர் கெட்டவர் அல்லர். அவர் நாட்டில் வேட்டை சட்டத்துக்கு உட்பட்டது. அப்போது என் செய்வது? "இப்பணிக்குத் தருவதில்லை என்பது எங்கள் விரதம், பொறுத்தருள வேண்டும்" என்று முகமலர்ச்சியோடு கூறலாம். அடுத்த நாள் அவர் வீட்டுக் கதவு பழுதானால், அதே கருவியோடு நாமே சென்று உதவலாம். விரதம் காக்கும்போது வெறுப்பு நுழையுமாயின், ஒரு வாயிலை அடைத்து மற்றொன்றைத் திறந்தவர் ஆவோம்.

ஆகாரம், ஔஷதம், சாத்திரம், அபயம் எனத் தானம் நான்கு. இம்சாதானத்துக்கு நேர் எதிர் நிற்பது அபயதானம். அம்பால் மடிந்த அவ்விரு கோழிகளும் அறவுரை கேட்டபடியே உயிர் நீத்து, அபயருசி, அபயமதி என்னும் பெயர்களோடு மனிதப் பிறவி எய்தினர். பலியிடக் காத்திருந்த மாரிதத்தனையும் கொலையினின்று மீட்டனர். கருவியைக் கொடுக்க மறுத்தலும் அபயதானமே. நாம் காணாத காட்டில், நம் பெயரும் அறியாத மான் ஒன்று அதனால் அச்சமின்றி நீர் அருந்தும்.

அறம் வெல்க! எவ்வுயிரும் அச்சமின்றி வாழ்க!