மேல்பூச்சும் மனமாற்றமும்

பெயின்ட் அடித்த வெளிச்சுவரின் மேல் அப்படியே சிமென்ட் பூசினால் முதலில் அழகாகத்தான் இருக்கும். ஆனால் பெயின்ட் படலம் நுண்துளைகளை அடைத்துவிடுவதால் கலவைக்குப் பிடிப்பில்லை. நாளடைவில் தட்டினால் பொள்ளலாக ஒலிக்கும், பிறகு பாளம் பாளமாகப் பெயர்ந்து விழும். அதனால்தான் கொத்தனார் முதலில் பெயின்ட்டைச் சுரண்டி, சுவரைக் கொத்திவிடுகிறார். பாவத்திலிருந்து மீள்வதற்குச் சமயங்கள் வகுத்த வரிசையும் இதுவே. இஸ்லாத்தின் தவ்பாவுக்கு, அதாவது பாவத்திலிருந்து இறைவனிடம் மீள்வதற்கு, பாவத்தை விடுவதும், வருந்துவதும், பறித்ததைத் திருப்பித் தருவதும் நிபந்தனைகள். கத்தோலிக்கரின் ஒப்புரவு அருட்சாதனம் மனவருத்தத்தையும் பாவ அறிக்கையையும் கேட்கிறது.

ஒட்டுப்பசை தடவினால் கொத்தவே வேண்டாமே என்பார்கள். பசை பிடிப்பது பெயின்ட்டைத்தான். பெயின்ட் சுவரை விட்டால் எல்லாமே சேர்ந்து விழும். பழைய வாழ்வையே இடிக்கச் சொல்வது கொடுமையல்லவா என்றால், சுவரை யாரும் இடிக்கச் சொல்லவில்லை. நீக்க வேண்டியது படலத்தை மட்டுமே. பெயின்ட்டின் மேல் பூசிய சிமென்ட்டைப் போலவே, செய்த தவறை மூடிவைத்துக் கொடுக்கும் நன்கொடை பிராயச்சித்தம் ஆகாது.